காட்டைப் பேசும் சிறுகதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூழல் அக்கறையுடன் எழுதப்படும் சிறுகதைகளில் பல, வெட்டப்பட்ட மரத்துக்காக ஒருவர் கண்ணீர் விடுவதோடு நின்றுவிடுகின்றன. 2011-இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ வேறு வகையானது. டாப்சிலிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்ட அக்கதையில், சுற்றுலா வந்தவர்கள் குடித்துவிட்டு உடைத்தெறிந்த பீர் புட்டியின் சில்லு யானையின் பாதத்தில் ஏறுகிறது. அத்தனை பெரிய உடலின் எடையே ஒவ்வோர் அடியிலும் அதை ஆழமாக அழுத்த, புண் சீழ்பிடித்து, நடக்க முடியாமல், இரை தேட வழியின்றி அந்த விலங்கு மெல்லச் சாகிறது. அதைப் படித்த பின், காட்டோரச் சாலையில் கிடக்கும் கண்ணாடித் துண்டை என்னால் வெறும் குப்பையாகப் பார்க்க முடிந்ததில்லை. புழுக்களைக்கூட அருவருப்பின்றி நோக்கக் கற்பிக்கும் அதன் பகுதிகள் எனக்கு இன்னும் நெருக்கமானவை.

காலி மதுப்புட்டியைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் வழங்கும் திட்டம், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் நீலகிரியில் தொடங்கியபோது இக்கதையே என் நினைவுக்கு வந்தது.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு கதையையாவது, காட்டை அன்றாடம் காணும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், பாகன்கள், பழங்குடி இளைஞர்கள் ஆகியோரிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.