ஆண்டறிக்கை: கன்று நடாத ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"இத்தனை மரக்கன்று நட்டோம்" என்றுதான் நம் அறிக்கை வழக்கமாகத் தொடங்கும். இந்த ஆண்டு ஒன்றுகூட நடவில்லை. சோம்பலால் அல்ல, கூட்டத்தில் சண்டை போட்டு எடுத்த முடிவு. அன்று வராதவர்களுக்காகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் ஊற்றுக்குத் தலைமாட்டில் இருக்கிற இயற்கைப் புல்மேட்டைச் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்து, சில வருடங்களுக்கு முன் நாமே அதில் கன்று நட்டோம். அந்தப் போட்டோ இன்னும் சங்கச் சுவரில் தொங்குகிறது. இப்போது பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்களின் கணக்குப்படி, 1973-லிருந்து 2014-க்குள் நம் பழனி மலையின் மேல்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தின்றவை சீகை (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்), பைன், யூகலிப்டஸ் தோப்புகள்; நம் காய்கறித் தோட்டங்களும்தான்.

"சோலையை வெட்டினதால வந்த புல்தானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சோலை என்றால் இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடு. நியாயமான கேள்வி. ஆனால் நீலகிரிச் சதுப்புகளில் தோண்டியெடுத்த கரிமண்ணில் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய புல்லின் தடயமே இருக்கிறது. அன்று இங்கே கோடாலி ஏது?

தண்ணீர்ச் சங்கதிக்கு வருகிறேன். உதகை பக்கம் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு ஓடைப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இருந்தபடி விட்டு, மற்றதில் 1972-இல் ஆராய்ச்சிக்காக யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியின் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. நம் ஊற்றும் அப்படித்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நாம் அளந்து வைக்கவில்லையே.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அளக்க ஆராய்ச்சி மாணவர்கள் வந்தபோது உடன் நடந்தோம். இரண்டு பக்கமும் திறந்த இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தார்கள். மாடு மிதித்த தடத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது, அதில் முகமே பார்க்கலாம். சோலை ஓரத்தில் ஊற்றிய கையோடு காணோம். வளையம் வைத்த இடம்தான் மலை என்று எண்ணிவிடாதீர்கள் என்று அவர்களே சொன்னார்கள்; அதனால்தான் சரிவு, மேடு, பள்ளம் என்று இடம் மாற்றி மாற்றி அடித்தார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் முதிர்ந்த சீகைத் தோப்பும் சோலையும் ஒரே பச்சையாகத் தெரியலாம். அதைப் பிரித்தறியவும் நடந்துதான் ஆகவேண்டும். மூட்டுவலி எனக்கு, ஆனாலும் போனேன்.

அப்புறம் நாம் செய்த வேலை: மழை நின்ற ஞாயிறுகளில், நம் புல்மேட்டில் முளைத்த சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கினோம். வளர்ந்த மரத்தை வெட்டுவது நம் கையில் இல்லை. வெட்டினாலும் மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கிற விதை வெயில் பட்டதும் முளைத்துவிடும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் எழும்பி நிற்கின்றன; அங்கே கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உறுப்பினர் சிலருக்கு இதில் உடன்பாடில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊரும் மலைச்சரிவும் தெரிகிற பழைய போட்டோ வீட்டில் இருந்தால், கல்யாணப் படமானாலும் சரி, கொண்டு வாருங்கள். எடுத்த இடத்திலேயே நின்று இன்னொன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடப் போகிறோம். பிரேமைக் கழற்ற வேண்டாம். செல்போனில் பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்