சுக்கானை அவசரப்பட்டு ஒட்டிவிடாதே

தருமபுரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். புதுச்சேரியில் நீங்கள் நண்பர்கள் சேர்ந்து வாங்கிய பாய்மரப் படகின் சுக்கானில், மேல் கீலுக்குச் சற்றுக் கீழே விரிசல் ஓடியிருக்கிறது. அதில் எபாக்சி பசையை ஊற்றி இறுக்கினால் போதும் என்று சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்துவிடாதே, கண்ணு. ஈரத்தை உள்ளே வைத்து மேலே அடைத்தால், அது வெளியேற வழியின்றி மரத்தை உள்ளிருந்தே மக்கச் செய்யும்.

நம் ஒகேனக்கல் பரிசலுக்குச் சுக்கான் கிடையாது. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பாலேயே திருப்பிவிடுவார். உன் படகிலோ அந்த வேலை முழுவதும், கதவைப்போல் இரண்டு கீல்களில் தொங்கும் ஒரு பலகையின்மேல் விழுகிறது. படகின் வேகம் இரண்டு மடங்கானால் சுக்கானைத் தள்ளும் நீரின் விசை நான்கு மடங்காகும். அதைத் தாங்கும், கீலைப் பலகையோடு பிணைக்கும் போல்ட் நாளடைவில் துளைக்குள் ஆடத் தொடங்கும். ஆட்டத்தில் பெயின்ட் வெடிக்கும். அந்த மயிரிழை இடைவெளி வழியே நீர் இறங்கும். ஆகவே நாம் முதலில் பார்க்கவேண்டியது விரிசலை அல்ல, போல்ட் துளையை.

படத்தில் துளையைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. அங்கே கூர்மையான ஊசியால் குத்திப் பார். வைரம் பாய்ந்த தேக்கில் முனை எளிதில் இறங்காது. மக்கிய இடத்தில் மெத்தென்று இறங்கும், நெம்பினால் சிராய் எழாமல் பொடியாக உதிரும். கடல்நீரைவிடத் தேங்கி நிற்கும் மழைநீரே மரத்தை அதிகம் கெடுக்கும் என்பதால், சுக்கானின் தலைப்பகுதியையும் விடாமல் சோதித்துவிடு.

பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவு. மரத்தில் உப்பு இருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவியதும் இங்கே அனுப்பிவிடு. கடற்கரைக் காற்றைவிட நம் ஊர்க் காற்றில் விரைவாகக் காயும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து புது வெடிப்பு விடும் என்பதால், பட்டறை நிழலில் வாரக்கணக்கில் வைத்துத்தான் நான் உளியை எடுப்பேன்.

கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, பழைய தேக்கிலேயே துண்டு போடுகிறேன். துண்டும் பழைய மரமும் சேரும் முனைகளை, ஒரு அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குல நீளமாவது வரும்படி சாய்வாகச் சீவினால்தான் அந்த ஒட்டு விசையைத் தாங்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் எபாக்சி சரியாகப் பிடிக்காது. கிளாம்பையும் அளவுக்கு மீறி முறுக்கக்கூடாது. பசை முழுவதும் பிதுங்கி வெளியேறினால் மூட்டு வறண்டுபோகும்.

துளை போடும் வேலை உன்னுடையது. படகின் பின்பக்கக் கீல்களோடு வைத்துப் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது. 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 16 மில்லிமீட்டருக்குத் துளையிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, அது நன்றாக இறுகியபின் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போடு. அப்போது போல்ட் மரத்தைத் தொடாது; மீண்டும் நீர் கசிந்தாலும் மரத்துக்குள் போகாது. எபாக்சியைச் சிறிது சிறிதாகவே கலந்துகொள். நிறையக் கலந்து கிண்ணத்தில் வைத்தால் உங்கள் ஊர்ச் சூட்டில் நிமிடங்களில் கொதித்து இறுகிவிடும். பித்தளைத் திருகுகள் மலிவு என்று வாங்காதே. கடல்நீரில் அவற்றின் துத்தநாகம் கரைந்து உடைந்துபோகும். கடைசியில் பெயின்ட்டோ வார்னிஷோ பூசாமல் விடாதே, வெறும் எபாக்சி வெயிலைத் தாங்காது.

படகின் இரண்டு கீல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தையும், கீல் ஊசியின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, ஒரு தாளில் எழுதிச் சுக்கானோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா