செந்திலுக்கு, உன் வீட்டு பிளான் பத்தி

செந்தில்,

மெயில் கிடைச்சுது, பிளானும் பாத்தேன். பையன் காலேஜ் போறான்னு எழுதியிருக்க, நம்பவே முடியலடா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அப்பாவுக்குத்தான் முட்டிவலி, மாடி ஏற முடியல, அதனால கீழ நான் வேலை பாத்த ரூம் இப்ப அவரோட பெட்ரூம் ஆயிடுச்சு. பக்கத்துலயே தண்ணி லைன் போனதால ஒரு பாத்ரூமும் சேத்துட்டோம்.

அதனாலயோ என்னவோ உன் பிளான் பாத்ததும் கொஞ்சம் பயமா இருந்துச்சு. கட்டில், அலமாரி எல்லாம் சுவரோட சேத்தே கட்டுற, பைப் பூரா தளத்துக்குள்ள. பில்லர், பீம் எல்லாம் நம்ம காலம் தாண்டியும் நிக்கும், பைப்பும் வயரும் அதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்த வேண்டி வரும், உள்சுவர் எங்க இருக்கணும்ங்கறது வீட்ல யார் இருக்காங்கங்கறத பொறுத்து மாறிட்டே இருக்கும். ஃபிராங்க் டஃபின்னு பிரிட்டிஷ் ஆர்கிடெக்ட் ஒருத்தர் கட்டடத்தை இப்படித்தான் ஆயுசு வாரியா லேயரா பிரிச்சுப் பாத்தார். சீக்கிரம் கெட்டுப் போற பைப்பை ரொம்ப நாள் இருக்கற தளத்துல புதைச்சா ஒரு லீக்குக்கு தரையையே உடைக்கணும்.

ஈசியா மாத்திக்க முடிஞ்ச கட்டடத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன், அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில பில்டிங் 20ன்னு ஒண்ணு இருந்துச்சு. 1943ல, போர் நேரத்துல, ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரத்துக்கு மரத்துல கட்டினது, போர் முடிஞ்சா பிரிச்சிடலாம்னுதான் கட்டினாங்க, ஆனா 1998 வரைக்கும் இருந்துச்சு! அழகுன்னு சொல்ல ஒண்ணும் கிடையாது. ஆனா உள்ள இருந்தவங்க வேணுங்கறப்ப சுவத்துல ஓட்டை போட்டு வயர் இழுத்துக்கிட்டாங்க, ஜெரால்ட் ஜக்கரையாஸ்ங்கற இயற்பியல் விஞ்ஞானி அணுக் கடிகார வேலைக்கு உயரம் பத்தலன்னு தளத்தையே எடுத்துட்டார். பளபளன்னு கட்டின பில்டிங்ல ஆணி அடிக்கவே யாருக்கும் மனசு வராதுடா.

சிலியில அலெஹாந்த்ரோ அரவேனாங்கற ஆர்கிடெக்டோட டீம் செஞ்சது எனக்கு இன்னும் பிடிக்கும். இக்கிக்கே ஊர்ல சுமார் நூறு குடும்பத்துக்கு வீடு, முழுசா கட்ட பணம் பத்தல. அதனால அந்தக் குடும்பங்களால தனியா செய்ய முடியாத பாதிய மட்டும், அதாவது ஸ்ட்ரக்சர், படி, சமையலறை, பாத்ரூம், இதை ஒழுங்கா கட்டிக் குடுத்துட்டு மீதிய காலி இடமா விட்டாங்க. 2004ல குடி வந்தவங்க அவங்கவங்க வசதிப்படி அதை நிரப்பிக்கிட்டாங்க.

நீயும் அந்தக் கஷ்டமான பாதிக்கு செலவு பண்ணு. பைப்பெல்லாம் ஒரே டக்ட்ல, திறந்து பாக்கற மாதிரி கொண்டு வா. எந்தச் சுவரை பின்னாடி எடுக்கலாம், எதை தொடவே கூடாதுன்னு இன்ஜினியர்கிட்ட இப்பவே டிராயிங்ல குறிச்சு வாங்கிக்க. பூச்சு வேலைக்கு முன்னாடி எல்லாச் சுவத்தையும் அளவு டேப் வச்சு போட்டோ எடு, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.

உன்,
ரகு