முழங்காலில் அந்தக் கருப்புப் புள்ளிகள்

தம்பிக்கு,

முதலில் தங்கச்சியைத் திட்டாதே. அவள் காட்டவில்லை. கரண்ட் பில் கட்ட அவள் போனை வாங்கினேன், உன் முழங்கால் போட்டோ மேலேயே கிடந்தது, கீழே "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்று நீ எழுதியிருந்ததும்தான். சரி, வண்டி மணலில் சறுக்கியது, ஹெல்மெட் போட்டிருந்தாய், தலையில் அடியில்லை, அது போதும் எனக்கு. ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிராய்ப்புக்குள்ளே மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கருப்பாய்த் தெரிகிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் முழங்கையில் நீலமாய் ஒரு திட்டு இருக்குமே, சின்ன வயதில் எச்சில் தொட்டுத் தேய்த்து அழிக்கப் பார்ப்பாய். அது மச்சம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளோடு தார் ரோட்டில் விழுந்தபோது உள்ளே போன அழுக்கு. ஒழுங்காய்க் கழுவாமலே மேலே தோல் மூடிக்கொண்டது, பச்சை குத்தின மாதிரி அப்படியே தங்கிவிட்டது.

அதனால் இன்றைக்கே கழுவு. காயத்தில் தண்ணி படக்கூடாது என்று நானே உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அது தப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாயைத் திறந்து காலை நீட்டி ஐந்து பத்து நிமிஷம் தண்ணீர் ஓடட்டும், காயத்தைச் சுற்றி மட்டும் சோப்புப் போடு, நனைத்த சுத்தமான துணியால் மெதுவாய் ஒற்றியெடு. அப்படியும் வராத மண்ணை ஊசி வைத்து நோண்டாதே, டாக்டர் மரத்துப்போக மருந்து போட்டு எடுத்துவிடுவார். தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றாதே. எரிந்தால்தான் கிருமி சாகும் என்று நம்பி வளர்ந்தவள்தான் நானும், ஆனால் அது புதுசாய் வளர்கிற சதையையும் சேர்த்துப் புண்ணாக்கும். காபிப்பொடி, மஞ்சள் எதுவும் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் நீ விழுந்தபோது நான் காபிப்பொடியை அப்பி, மறுநாள் நர்ஸம்மா அதைக் கரைத்துக் கரைத்து எடுக்க நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

கழுவினதும் லேசாய் வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி வைத்துக் கட்டு, தினம் ஒரு தடவை மாற்று. காற்றோட்டமாய் விட்டால் ஆறிவிடும் என்பார்கள். முழங்கால் ஆயிற்றே, பொருக்குக் கட்டி மடக்கும்போதெல்லாம் வெடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் டி.டி. ஊசி, அதுதான் டெட்டனஸ் என்கிற ரணஜன்னி வராமல் இருக்கப் போடுவது. நீ கடைசியாய்ப் போட்டது பத்தாவது படிக்கும்போது, எட்டு வருஷம் ஆகிவிட்டது. மண் பட்ட காயத்துக்கு ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலே மறுபடி போடவேண்டும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் என்று இல்லை, அந்தக் கிருமி இருப்பதே மண்ணிலும் சாணியிலும்தான். நாளைக்குத் தள்ளிப்போடாதே. இன்னொன்று, நாய் துரத்தித்தான் விழுந்தாயா? அதன் நகமோ பல்லோ லேசாய்ப் பட்டிருந்தால்கூட மறைக்காதே, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நாய்க்கடி ஊசியும் ஆரம்பிக்கவேண்டும், அதில் விளையாட்டே கூடாது.

சிராய்ப்பு வலி ரெண்டு மூன்று நாளில் குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ, காயத்திலிருந்து சிவப்பாய் ஒரு கோடு மேலே ஏறினாலோ லீவு போட்டுவிட்டுப் போ, மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதே. காலை ஊன்றவே முடியவில்லை என்றால் அது தோலோடு போன விஷயம் இல்லை, எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

காயத்தைச் சுற்றியிருக்கிற சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவை. நாளைக்குக் காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போட்டோ எடு, சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். இந்தத் தடவை எனக்கே அனுப்பு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மா