பேஜ்மேக்கரை மூடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பதிப்பகங்களிலும் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையங்களிலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் 7.0 பதிப்பு வந்தது 2001இல். அதற்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. புதுக் கணினி வாங்கிய கையோடு இன்டிசைன் என்ற புதிய மென்பொருளுக்கும், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கும் ஒரே வாரத்தில் தாவுகிறார்கள். பக்கமெல்லாம் பிழை என்று பழைய கணினிக்கே திரும்புகிறார்கள். பழி யூனிகோடின் தலையில் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு மாற்றிய விதத்தில்தான்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள் திரையில் ‘தமிழ்’ போலத் தெரிகின்றன, அவ்வளவுதான். வேர்டு தானாகவே முதல் எழுத்தைப் பெரிய ஜே ஆக்கிவிட்டால் அது ‘துமிழ்’ ஆகிவிடும். பழைய கோப்பை வேர்டில் திறக்கும் முன் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

கோப்பை வெறும் டெக்ஸ்டாக எடுப்பது அடுத்த தவறு. எழுத்துரு விவரம் போய்விட்டால், நடுவே வரும் ஆங்கிலச் சொல்லையும் மின்னஞ்சல் முகவரியையும் யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் தமிழ் என்று எடுத்துக்கொண்டு குதறிவிடும். எழுத்துரு விவரத்தைக் காக்கும் ஆர்டிஎஃப் கோப்பாக எடுத்து, எழுத்துருவைப் பார்த்து மாற்றும் கன்வெர்ட்டரில் கொடுக்க வேண்டும். பாமினி, டாம், டாப், திஸ்கி என்ற பழைய முறைகள் ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. தலைப்பு ஒன்றிலும் உள்ளடக்கம் இன்னொன்றிலும் அடித்த நூல்கள் ஏராளம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் மிஞ்சும். தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர்’ அடிக்கத் துணைக்காலைப் (ா) போட்டுப் புள்ளி வைப்பது வழக்கம். அச்சில் வேறுபாடு தெரியாது. யூனிகோடுக்கு மாறியபின் அது ‘தமிழா்’ என்று நிற்கும். ‘தமிழர்’ என்று தேடினால் அகப்படாது. ‘ரி’, ‘ரீ’ இரண்டுக்கும் இதே கதைதான். இதைத் திருத்துவது எளிது: துணைக்காலுக்குப் பின் புள்ளியோ சுழியோ (ி, ீ) தமிழில் எங்கும் வராது என்பதால், கோப்பு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

‘ஔ’ அப்படியல்ல. பழைய கோப்பில் ‘கௌரவம்’ என்பது கொம்பு (ெ), க, ள என்றே இருக்கும். மாற்றியதும் ‘கெளரவம்’ ஆகும். சொல்லடைவில் அது ‘கெ’ வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத் திருத்துகிறேன் என்று கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் மாற்றினால் ‘வெளியீடு’ பாழாகி ‘வௌியீடு’ ஆகிவிடும். இணையத்தில் இந்த விகாரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரமேதான், தொடக்கூடாது. மற்றவற்றைச் சொல் சொல்லாகப் பார்க்க வேண்டும்: மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால், ஔவையார். பட்டியல் நீளமில்லை, ஒருமுறை தயாரித்து வைத்தால் எல்லா நூலுக்கும் உதவும்.

இன்டிசைனில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று புலம்புவோர், பத்தி அமைப்பில் வரிகளை அடுக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காதவர்கள். கோப்பு எதையும் திறக்காமல் அதை வைத்துவிட்டால் புதிய கோப்பு எல்லாவற்றுக்கும் அதுவே நிற்கும். பழைய பேஜ்மேக்கர் கோப்பை சிஎஸ்6 என்ற பழைய பதிப்பு வரையிலான இன்டிசைன்தான் திறக்கும். பழைய டைப்-1 எழுத்துருக்களுக்கான ஆதரவையும் இன்டிசைனைத் தயாரிக்கும் அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே பழைய பக்கத்தை அப்படியே இழுத்துவரப் பார்க்காமல் வார்ப்புருவைப் புதிதாகவே அமைப்பது மேல். எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறும். 160 பக்க நூல் அதே 160இல் முடியும் என்று பார்மாக் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) கணக்குப் போட்டுத் தாள் வாங்க வேண்டாம்.

ஆபரேட்டர்களைத் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றாக வேண்டும் என்று விரட்டவும் தேவையில்லை. தமிழில் அடிக்க உதவும் மென்பொருளான என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறையும் பாமினி முறையும் இருக்கின்றன. பழகிய விரலாலேயே யூனிகோடில் அடிக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் தமிழ்99 போதும்.

ஒரு தேதி வைத்துக்கொண்டு, அன்றுமுதல் வரும் கைப்பிரதிகளை மட்டும் யூனிகோடில் தொடங்கலாம். பாதி வேலையில் இருப்பது பழைய முறையிலேயே அச்சுக்குப் போகட்டும். பழைய நூல்களை மறுபதிப்பு வரும்போது மாற்றினால் போதும். அப்போது, “ஏற்கெனவே திருத்தியதுதானே” என்று மெய்ப்புத் திருத்துநரின் கூலியை மிச்சம் பிடிப்பது பெரிய தப்பு. முதல் பதிப்பு அச்சுநூலை அருகில் வைத்து, முழு நூலையும் புதுக் கோப்பு போலவே மெய்ப்புப் பார்க்க வேண்டும். பழைய கணினியை எடைக்குப் போடாமல், இணைய இணைப்பைத் துண்டித்து, எழுத்துருக்களோடு ஒரு மூலையில் வைத்திருங்கள். கன்வெர்ட்டர் விழுங்கிய வரி என்ன என்று பார்க்க அதுதான் வழி.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை.