கசகஸ்தான் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கீவ்ல சுட்டுக் கொல்லப்பட்ட உங்க நாட்டுப் பத்திரிகையாளர் அய்தோஸ் சடிகோவ் யாருன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. உங்க நாட்டு அக்தோபே ஊர்ல எதிர்க்கட்சி அரசியல் பண்ணின காலத்துலயே 2010ல அவருக்கு ரெண்டு வருஷ தண்டனை குடுத்தது உங்க கோர்ட்டுதான். 2014ல அவர் மனைவி நத்தாலியா எழுதினதா சொல்லப்பட்ட ஒரு கட்டுரைக்கு அவதூறு கேஸ் வந்து, குடும்பத்தோட உக்ரைனுக்குப் போனாங்க. அங்கேர்ந்து ரெண்டு பேருமா நடத்தின யூடியூப் சேனல பத்து லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க, அது உங்களுக்குப் பிடிக்கல, 2023 அக்டோபர்ல ரெண்டு பேரையும் தேடப்படுவோர் லிஸ்ட்ல போட்டீங்க.

2024 ஜூன் 18. கீவ்ல அவங்க குடியிருக்குற வீட்டு முற்றம். ராக்கெட் விழுற ஊர்ல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்த மனுஷன, கார்ல உக்காந்திருக்கும்போதே ஒருத்தன் வந்து தலையில சுட்டுட்டுப் போயிட்டான். நத்தாலியா அதே கார்லதான் இருந்தாங்க, அவங்க மேல ஒரு கீறல் கூட இல்ல. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரில போராடி ஜூலை 2ல அவர் இறந்துட்டார். நானும் பத்திரிகைல வேலை பாக்குறவன்தாங்க, ராத்திரி வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுறப்ப பக்கத்து சீட்ல மனைவியப் பாத்தா இப்பல்லாம் அந்த அம்மா நெனப்புதான் வருது.

சந்தேகப்படுற ரெண்டு பேரும் உங்க நாட்டுக் குடிமக்கள், சுட்ட அன்னைக்கே மால்டோவாவுக்குப் போயிட்டாங்கன்னு உக்ரைன் சொல்லுது. அதுல ஒருத்தர் ஜூன் 21ல உங்ககிட்டயே வந்து சரணடைஞ்சார். அவர ஒப்படைங்க. சொந்த நாட்டு ஆள வெளிநாட்டுக்கு அனுப்ப சட்டத்துல இடமில்லன்னா, கேஸ உங்க ஊர் கோர்ட்லயே எல்லாருக்கும் தெரியுற மாதிரி நடத்துங்க, உக்ரைன் போலீஸ் கேக்குற விவரத்தக் குடுங்க. உதவத் தயார்னு உங்க ஜனாதிபதி அலுவலகமே சொல்லியிருக்கே.

உங்களால முடியும்னு நம்பத்தான் ஆசை, ஆனா பழசு மறக்க மாட்டேங்குது. 2005 நவம்பர்ல உங்க எதிர்க்கட்சித் தலைவர் ஜமான்பெக் நுர்காதிலோவ் உடம்புல நெஞ்சுல ரெண்டு குண்டு, தலையில ஒண்ணு, அதத் தற்கொலைன்னு முடிச்சாங்க. மூணு மாசம் கழிச்சு அல்தின்பெக் சர்சென்பாயுலி, அவரும் பத்திரிகையாளரா இருந்து மந்திரியாகி அப்புறம் எதிர்க்கட்சிக்கு வந்தவர், டிரைவர், பாதுகாவலரோட அல்மாட்டி பக்கத்துல சுடப்பட்டுக் கிடந்தார். ஏவிவிட்டது இன்னார்னு தீர்ப்பு சொல்லிட்டு, வருஷக்கணக்கு கழிச்சு இல்ல வேற ஆளுன்னு கேஸ மறுபடி திறந்தீங்க. இப்படி இருந்தா சடிகோவ் குடும்பம் எதத்தான் நம்பும்? எழுதினதுக்குன்னா நாடு கடந்து போய் தேடுறீங்க, எழுதினவனக் கொன்னதா சொல்லப்படுறவர் உங்க வாசலுக்கே வந்து நிக்கும்போது ஏங்க இந்தத் தயக்கம்?

கோவத்துல வார்த்தை கூடியிருந்தா மன்னிச்சுக்கோங்க. மறுபடியும் பணிவாத்தான் கேக்குறேன், ஒப்படைங்க, இல்லன்னா பகிரங்கமா விசாரிங்க. அதோட, புருஷனப் புதைச்சுட்டு நிக்கிற நத்தாலியா பேர அந்த லிஸ்ட்லேர்ந்து தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரன்