இடிதாங்கி மேல இருந்தா போதுமா, கீழ எர்த்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல அப்பார்ட்மென்ட்டும் கல்யாண மண்டபமும் எழும்பிக்கிட்டே இருக்கு, எல்லாத்துக்கும் உச்சியில ஒரு இடிதாங்கி நிக்குது, அதப் பாத்துட்டு நாம நிம்மதியா தூங்குறோம். நானும் போன ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் தூங்குனேன்.

அன்னைக்கு சாயங்காலம் வேளிமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்து ஒரே மின்னல் வெட்டு. எங்க அஞ்சு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் போர்டு போச்சு, ஏழு வீட்டு டிவி போச்சு, எங்க வீட்டு மோடம் கருகுன நாத்தம் ரெண்டு நாளா போகல. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, யாரு செஞ்ச புண்ணியமோ. செக்ரட்டரி அண்ணன் மட்டும் "இடிதாங்கி இருக்குல்லா, பின்ன எப்படி இடி விழும்?"னு கேட்டுட்டே இருந்தாரு. இடிதாங்கி இடிய விரட்டாதுங்க, வர்றத வாங்கி மண்ணுல இறக்கி விடுறதுதான் அதோட வேலை. கோபுரக் கலசமே இடிதாங்கிதான்னு வாட்ஸப்ல சுத்துதே, அதுக்கும் இதே கேள்விதான், கலசத்துலேருந்து மண்ணு வரைக்கும் கம்பி போகுதா?

தெரிஞ்ச எலக்ட்ரீசியன் தம்பி வந்து பாத்தான். மேல கம்பி பளபளன்னு இருக்கு, அதுலேருந்து இறங்குற செம்புப் பட்டை மழைத்தண்ணி பைப்புக்குப் பின்னால, தரையிலேருந்து ஆளு உயரத்துல நின்னு போச்சு, முனை ஹேக்ஸா பிளேடு வச்சு அறுத்த மாதிரி நேரா இருக்கு. செம்பு விலைக்கு எவனோ கொண்டு போயிட்டான். மின்னல மண்ணுல இறக்குற எர்த் குழியத் தேடுனா அது இன்டர்லாக் கல்லுக்கு அடியில! ரெண்டு கல்லப் பேத்து மீட்டர் வச்சா 46 ஓம், அதான் கரண்டு மண்ணுல இறங்க இருக்குற தடை. அது 10-க்குள்ள இருக்கணும். மூணு வாளி தண்ணி ஊத்துனான், 38-க்கு இறங்குச்சு. அதனாலதான் சொல்றேன், மழை நேரத்துல அளந்து தர்ற சர்டிபிகேட்ட நம்பாதீங்க, மாசி பங்குனியில மண்ணு காய்ஞ்சு கிடக்கும்போது அளக்கணும், சித்திரை இடிமழைக்கும் முன்னாடி ஆயிடும். நம்ம பக்கம் தோண்டுனா பாறைதான், ஒரு குழி பத்தாம ரெண்டு மூணு போட்டு இணைக்க வேண்டி வரும். கடக்கரை ஊருன்னா உப்புக்காத்து ஜிஐ பட்டைய, அதான் துத்தநாகம் பூசுன இரும்புப் பட்டைய, தின்னுரும், அதையும் பாக்கணும்.

இன்னொரு தப்பு, இடிதாங்கி எர்த்தும் வீட்டு கரண்டு எர்த்தும் ஒட்டவே கூடாதுன்னு நிறைய பேரு நம்புறாங்க, நானும் நம்புனேன். ஒரு மின்னல்ல சாதாரணமா 30,000 ஆம்பியர் வரும், 10 ஓம் எர்த்துன்னாலும் பெருக்கிப் பாருங்க, 3 லட்சம் வோல்ட்! ஒரு எர்த்து அந்த உயரத்துக்கு ஏறி பக்கத்து எர்த்து சும்மா கிடந்தா நடுவுல தாவத்தானே செய்யும், அது தாவுற வழிதான் நம்ம டிவியும் லிஃப்டும். ரெண்டையும் கீழ இணைச்சு, மெயின் போர்டுல எஸ்பிடி, அதான் திடீர்னு ஏறுற வோல்டேஜ எர்த்துக்குத் திருப்பி விடுற கருவி, மாட்டணும்.

லிஃப்டுக்குள்ள லைசன்ஸ் ஒட்டுறாங்கல்லா, அதே மாதிரி எர்த் ரீடிங்கையும் தேதி போட்டு வருஷா வருஷம் ஒட்டணும்னு அதிகாரிங்க சொன்னா என்ன? உங்க பத்திரிகை இதக் கொஞ்சம் எழுதணும்.

எங்க கட்டடத்துல எர்த் குழிக்கு மூடி வச்சாச்சு, புதுப் பட்டைக்கு எட்டடி உயரம் பைப்பும் போட்டாச்சு. எஸ்பிடிக்குத்தான் இன்னும் பணம் பிரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்